பாறையில் எழுதிய நரம்புப் பாடம்

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, நரம்புக் கருவி பழகும் மாணவர்களுக்காகக் கல்லில் வெட்டப்பட்ட பயிற்சிப் பாடம். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரில், சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றின் சரிவில் மேலைக்கோயில் என்னும் குடைவரை இருக்கிறது. அதை ஒட்டிய பாறை முகப்பில், சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில், 38 வரிகள் ஓடுகின்றன. எழுத்து பல்லவ கிரந்தம். தமிழகத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை நிலக்கொடை, வரி நீக்கம், நந்தா விளக்குக்கு விட்ட ஆடு என்று கணக்குப் பேசுபவை. இந்தப் பாறையில் அந்தப் பேச்சே இல்லை. தலைப்புகளையும் முடிவுரையையும் தள்ளிவிட்டால் மீதி முழுவதும் சுரம்.

1904ஆம் ஆண்டில் கல்வெட்டறிஞர் எச். கிருஷ்ண சாஸ்திரி இதைக் கண்டறிந்தார். பி.ஆர். பண்டார்கர் படித்துப் பதிப்பித்த பாடம் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 12ஆம் தொகுதியில் வெளிவந்தது. சிவனுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கும் கல்வெட்டு ஏழு பகுதிகளாகப் பிரிகிறது: மத்தியமகிராமம், சட்ஜகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம். இவை கிராம ராகங்கள். இன்று கச்சேரியில் கேட்கும் ராகங்களின் மூதாதைகள். நாரதீய சிக்ஷை என்னும் பழைய வடமொழி நூலும் இதே ஏழு பெயர்களைத் தருகிறது. ஆனால் நூல் இலக்கணம் சொல்லி நிறுத்திக்கொள்ள, பாறை சுரங்களையே வரிசைப்படுத்திக் காட்டுகிறது. சுரங்களை எழுத்தில் வடித்துக்காட்டும் சான்றுகளில் இந்தியாவில் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் இது ஒன்று.

வரிகளின் அமைப்பைப் பார்த்தாலே இது பயிற்சிக்கானது என்று புரிந்துவிடும். சுரங்கள் நான்கு நான்காகக் கட்டப்பட்டிருக்கின்றன. வரிக்குப் பதினாறு கட்டுகள், அதாவது அறுபத்து நான்கு சுரங்கள். வரியில் உள்ள கட்டுகள் எல்லாம் ஒரே சுரத்தில் போய் முடிகின்றன. அடுத்த வரி வேறொரு சுரத்தை முடிவாக எடுத்துக்கொள்கிறது. எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் நான்காவது சுரத்தில் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் மாணவனுக்கு விதித்த கட்டுப்பாடு. வாசிக்கிறவன் ஒரு வரியை முடிக்கும்போது அந்த முடிவுச் சுரம் அவன் காதில் பதினாறு முறை விழுந்திருக்கும். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் இன்றைய மாணவர்களுக்குச் செய்கிற வேலையை, அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வரிகள் செய்திருக்கின்றன.

கல்வெட்டு தன் பகுதிகளைச் ‘சதுஷ்பிரஹார சுவராகமம்’ என்று அழைக்கிறது. பிரஹாரம் என்பது தட்டு, மீட்டு. நான்கு மீட்டுகளால் ஆன சுரத்தொகுதி என்று பொருள் கொள்ளலாம். மீட்டு என்று வந்துவிட்டால் அங்கே விரலும் நரம்பும் இருந்தாக வேண்டும்.

கல்வெட்டின் பெரிய புதிர் உயிரெழுத்துகளில் இருக்கிறது. சட்ஜம் எல்லா இடத்திலும் ‘ச’ என்று வருவதில்லை. ச, சி, சு, செ என்று நான்கு வடிவங்களில் வருகிறது. ரிஷபம் ர, ரி, ரு, ரெ ஆகிறது. மற்றவையும் அப்படியே. அந்தர காந்தாரத்துக்குத் தனியாக அ, இ, உ, எ. காகலி நிஷாதத்துக்கு க, கி, கு, கெ. (கிரந்தத்தில் இந்தக் ககரத்துக்கும் காந்தாரத்தின் ககரத்துக்கும் வெவ்வேறு எழுத்து உண்டு என்பதால் குழப்பம் வராது.) ஒரே சுரத்துக்கு நான்கு உயிர்கள் எதற்கு? சுருதி நுட்பங்களை, அதாவது ஒரு சுரம் இம்மி கூடியும் குறைந்தும் ஒலிப்பதை, இவை குறிக்கின்றன என்பது ஒரு கருத்து. எந்த விரலால், எந்தத் திசையில் மீட்ட வேண்டும் என்பதைக் குறிக்கின்றன என்பது இன்னொன்று. இரண்டாவது கருத்துக்கே வலு அதிகம். நான்கு மீட்டு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்ட ஆசிரியர், மீட்டும் முறையை எழுதாமல் விட்டிருப்பார் என்று எண்ண இடமில்லை. இசையறிஞர் ரிச்சர்ட் விட்டெஸ் 1979இல் இக்கல்வெட்டைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை, இப்புதிரை ஆராய்கிறவர்கள் தவறாமல் படிக்கவேண்டியது.

முடிவுரையில் ஆசிரியர் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார்: ருத்ராசாரியரின் மாணவர், பரம மாகேசுவரர், அதாவது தீவிர சிவபக்தர், அரசர். சீடர்களின் நலனுக்காக இந்தச் சுரங்களைச் செய்ததாகவும் சொல்கிறார். தம் பெயரை மட்டும் சொல்லவில்லை. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன்தான் அவர் என்று நெடுநாள் எழுதப்பட்டு வந்தது. மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நாடகத்தை எழுதியவன், ‘சங்கீர்ணஜாதி’ என்று இசை சார்ந்த பட்டம் பூண்டவன் என்பவை காரணங்கள். ஆனால் மகேந்திரவர்மன் தன் குடைவரைகளில் பட்டப்பெயர்களை வரிசையாக வெட்டிவைத்தவன். இங்கே ஒன்றுகூட இல்லை. எழுத்தமைதியை வைத்து ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டு என்று சொல்வதே பாதுகாப்பானது. தம் பெயரை மறைத்துக் குருவின் பெயரை முன்னிறுத்திய அந்த அரசர் யாராக இருந்தாலும், தம்மை முதலில் ஒரு மாணவராகத்தான் கருதினார் என்பது தெளிவு.

வடமொழியில் அமைந்த முடிவுரைக்குக் கீழே தமிழில் ஒரு சிறு வரி இருக்கிறது. இந்தச் சுரங்கள் எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்பது அதன் கருத்து. எட்டு நரம்புக் கருவிக்கும் ஏழு நரம்புக் கருவிக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் விளக்குவார்கள். ஏழு நரம்புக்குச் சான்று அருகிலேயே கிடைக்கிறது. குடுமியான்மலையிலும், திருமயம் சத்தியகிரீசுவரர் குடைவரையிலும், நச்சாந்துபட்டிக்கு அருகில் உள்ள மலையக்கோயிலிலும் ‘பரிவாதினி’ என்ற பெயர் கல்லில் காணப்படுகிறது. அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டு, ஏழு நரம்பு கொண்ட வீணையைப் பரிவாதினி என்கிறது. ஒரே வட்டாரத்தில் மூன்று குடைவரைகளில் ஒரு கருவியின் பெயர் வெட்டப்பட்டிருப்பது தற்செயலாக நடக்கக்கூடியதல்ல. இப்பகுதியில் அந்தக் கருவியைக் கற்பித்த ஒரு மரபு இருந்திருக்க வேண்டும். திருமயத்திலும் குடுமியான்மலையைப் போன்றதொரு பெரிய இசைக் கல்வெட்டு இருந்தது. பின்னாளில் அதைச் செதுக்கி எடுத்துவிட்டு மேலே வேறு சாசனம் வெட்டிவிட்டார்கள். தப்பிய சில சொற்களில்தான் சுரப்பெயர்களும் பரிவாதினியும் எஞ்சியிருக்கின்றன. தமிழிசை வரலாற்றில் நேர்ந்த இழப்புகளில் இது சிறியதல்ல.

வீணை என்ற பெயர் அந்தக் காலத்தில் இன்றைய வீணையை மட்டும் குறிக்கவில்லை. வில்போல் வளைந்த யாழ் வகைக்கும் அதே பெயர்தான். சமுத்திரகுப்தரின் பொற்காசில் மன்னர் மடியில் வைத்து மீட்டுவது அந்த வில்யாழ். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மப் பல்லவன் ‘வீணாநாரதன்’ என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டான். நரம்புக் கருவியில் தேர்ச்சி அரசர்க்குப் பெருமை சேர்த்த காலம் அது.

யாழில், வீணையைப் போல விரல் அழுத்தும் மெட்டுகள் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். வேறு பண் வாசிக்க வேண்டுமென்றால் சில நரம்புகளை முறுக்கியோ தளர்த்தியோ சுருதி மாற்ற வேண்டும்; அல்லது நரம்புகளை அப்படியே விட்டு, வேறொரு நரம்பைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். பழந்தமிழர் இந்த இரண்டாவது வழியை முழுமையான முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களில், குரலைத் தொடக்கமாகக் கொண்டால் கிடைக்கும் சுர அடுக்கு செம்பாலை. துத்தம் தொடக்கமானால் படுமலைப்பாலை. அப்படியே செவ்வழி, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது ஆய்வாளர்களிடையே பெரிதும் ஏற்கப்பட்ட முடிவு. அதன்படி படுமலை நடபைரவியாகவும், அரும்பாலை சங்கராபரணமாகவும், கோடிப்பாலை கரகரப்பிரியாவாகவும், விளரிப்பாலை தோடியாகவும், மேற்செம்பாலை கல்யாணியாகவும் அமைகின்றன.

தொடக்கச் சுரத்தை மாற்றும் இந்த முறை இன்றும் நடைமுறையில் இருப்பதைக் காண வேண்டுமென்றால் நெடுந்தொலைவு போக வேண்டும். அமெரிக்காவின் கிழக்கே அப்பலேசிய மலைத்தொடரில் வாழும் மக்களிடம் டல்சிமர் என்றொரு கருவி இருக்கிறது. (குச்சிகளால் தட்டி வாசிக்கும் இன்னொரு டல்சிமரும் உண்டு, அது நம் சந்தூரின் உறவு. இங்கே பேசப்படுவது மலை டல்சிமர்.) நீண்டு குறுகிய மரப்பெட்டி, அதன் முழு நீளத்துக்கும் மேலே ஒரு விரல்பலகை, மூன்று அல்லது நான்கு தந்திகள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷைட்ஹோல்ட் என்ற எளிய கருவியிலிருந்து இது பிறந்தது என்பார்கள். கென்டக்கியைச் சேர்ந்த ஜே. எட்வர்ட் தாமஸ் என்ற கைவினைஞர் 1870களிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இவற்றைச் செய்து ஊர் ஊராக விற்றார். இடுப்பு ஒடுங்கிய வடிவமும் பெட்டியில் இதய வடிவத் துளைகளும் அவருடைய கருவிகளின் அடையாளம். ஜீன் ரிட்சி (1922–2015) என்னும் பாடகி தம் குடும்பத்து நாட்டுப்பாடல்களோடு இதை நியூயார்க்குக்குக் கொண்டுசென்று உலகறியச் செய்தார். 2001இல் கென்டக்கி மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ இசைக்கருவியாக அறிவித்தது.

வாசிப்பவர் கருவியை மடியில் கிடத்திக்கொள்வார். இடக்கையில் ஒரு சிறு குச்சி. அதைத் தம் பக்கமாக உள்ள பாட்டுத் தந்தியின் மேல் அழுத்தி மெட்டுக்கு மெட்டு நகர்த்துவார். வலக்கையில் வாத்தின் இறகுத் தண்டு அல்லது மீட்டுகோல்; அதனால் எல்லாத் தந்திகளையும் சேர்த்து வருடுவார். பாட்டுத் தந்தியில் பாட்டு எழும்பும்போது மற்றத் தந்திகள் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். தம்புராவின் சுருதியில் தோய்ந்து வளர்ந்த காதுக்கு இந்த ஒலி முதல் கேள்வியிலேயே அந்நியமாகத் தோன்றாது. வீணையிலும் பக்கசாரணிகள் மூன்றும் தாளத்தோடு சுருதியையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன அல்லவா? டல்சிமரின் ஒலி சிறியது. கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கப் போதுமானது. பெரிய மேடைக்காக அதை யாரும் செய்யவில்லை. வேலை முடிந்த மாலையில் வீட்டுத் திண்ணையில் பாடும் பாட்டுக்குத் துணையாகத்தான் செய்தார்கள்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது அதன் மெட்டுகளின் இடைவெளியை. வீணையில் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு. டல்சிமரின் பழைய வகையில் ஏழே மெட்டு. திறந்த தந்தியிலிருந்து மேலே போனால் முழு, முழு, அரை, முழு, முழு, அரை, முழு என்று இடைவெளிகள் வரும். சட்ஜம், சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். இது அரிகாம்போதி, அதாவது செம்பாலை. அப்பலேசிய மலையில் தச்சு வேலை செய்தவருக்கு, இந்தப் பாலைகளைப் பேசும் சிலப்பதிகாரம் தெரிந்திருக்க வழியில்லை. ஏழு சுரத்தை இசைவாக அடுக்கத் தொடங்கினால் மனிதக் காது தானாகச் சென்று சேரும் இடங்கள் சில உண்டு. அவற்றில் இதுவும் ஒன்று.

மெட்டுகளை நகர்த்த முடியாது. அப்படியானால் வேறு வகைப் பாட்டுக்கு என்ன செய்வது? பாட்டுத் தந்தியை மட்டும் சுருதி மாற்றி, சட்ஜத்தை வேறு மெட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பாட்டுத் தந்தியைப் பஞ்சமத்துக்கு இறக்கினால் சட்ஜம் மூன்றாம் மெட்டில் விழும். அங்கிருந்து தொடங்கினால் சங்கராபரணத்தின் சுரங்கள், அரும்பாலை. மத்திமத்துக்கு இறக்கினால் சட்ஜம் நான்காம் மெட்டில், கரகரப்பிரியா, கோடிப்பாலை. கைசிகி நிஷாதத்துக்கு இறக்கினால் முதல் மெட்டில், நடபைரவி, படுமலை. துணைத் தந்திகள் சட்ஜ பஞ்சமத்தில் அசையாமல் நிற்கும். ஆளத்தியோ கமகமோ இதில் எதிர்பார்க்க வேண்டாம். சுர அடுக்கு மட்டுமே ஒத்துப்போகிறது, ராகத்தின் உயிர் இங்கே கிடையாது. ஆனாலும் தொடக்கச் சுரத்தை மாற்றி வேறு பண் பெறுவதை, அதாவது பண்ணுப்பெயர்த்தல் என்று உரையாசிரியர்கள் எழுதியதைக் கண்ணால் பார்த்துக் காதால் கேட்க விரும்பும் மாணவருக்கு, மூன்று தந்திகளால் இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவி வேறு இல்லை.

குடுமியான்மலையின் ஏழு பகுதிகளையும் இந்த நோக்கில் பார்த்தால் அவற்றின் ஒழுங்கு புலப்படும். ஒரு ராகத்துக்குக் கருவியைச் சுருதி கூட்டிவிட்டால், அந்தக் கூட்டில் எந்தச் சுரங்கள் கைக்கு வருமோ அவற்றை எல்லாக் கோணங்களிலும் பழக வேண்டும். பிறகு அடுத்த கூட்டு, அடுத்த பகுதி. அந்தர காந்தாரத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் தனி எழுத்துக் கொடுத்ததும் இதனால் இருக்கலாம். சுருதி மாறியிருக்கிறது என்று மாணவருக்குத் தெரிந்தாக வேண்டும். டல்சிமர் கற்கிறவர்களும் இதையே செய்கிறார்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தில் பக்கத்தின் மேலே எந்தச் சுருதிக் கூட்டு என்று போட்டிருக்கும். கீழே மெட்டு எண்கள் வரிசையாக ஓடும். சுரம் என்ன என்று கேட்காமல் விரல் எங்கே என்று சொல்லும் எழுத்து முறை அது. நரம்புக் கருவிக்கென்று எழுதியவர்கள் உலகில் பல இடங்களில் இந்த வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். சிரியாவின் உகாரித் நகரில் கிடைத்த, ஏறத்தாழ 3400 ஆண்டுப் பழமையான களிமண் பலகையில் உள்ள பாட்டும் யாழ் போன்ற கருவியின் நரம்புப் பெயர்களால்தான் குறிக்கப்பட்டிருக்கிறது.

சுருதிக்கு ஒரு பண் என்ற முறை தமிழகத்தில் மறைந்ததற்கு மெட்டுகள் பெருகியது ஒரு முக்கியக் காரணம். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலையாக அமைந்த வீணை உருப்பெற்றது. அதில் எந்த ராகத்தையும் சுருதி மாற்றாமல் வாசிக்கலாம். கல்யாணியை முடித்துவிட்டு அடுத்த நொடியில் தோடியைத் தொடங்கலாம். கச்சேரிக்கு இது பெரும் வசதி. ஆனால் ஒரு பாலை இன்னொன்றாகத் திரிவதை விரல் நேரடியாக உணரும் வாய்ப்பு அத்தோடு போனது. அது ஏட்டில் படிக்கும் இலக்கணமாகச் சுருங்கியது. டல்சிமருக்கும் இதே கதை நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆறாம் மெட்டுக்கும் ஏழாம் மெட்டுக்கும் இடையே ஒரு கூடுதல் மெட்டுச் சேர்த்தார்கள். அது காகலி நிஷாதம். ஆறரை என்றே அதற்குப் பெயர். அதன்பின் சங்கராபரணத்துக்காகத் தந்தியை இறக்க வேண்டிய தேவை போய்விட்டது.

மறைந்த யாழை மீட்டெடுக்கும் முயற்சியில் முதன்மையானவர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் (1892–1947). அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. பாலைகளின் கணக்கைச் சிலப்பதிகார உரைகளிலிருந்து பிரித்தெடுத்து நிறுவிய நூல் அது. குடுமியான்மலைக் கல்வெட்டையும் அது ஆராய்கிறது. அவருக்கு உறுதுணையாக நின்றவர்களில் புதுக்கோட்டையைச் சேர்ந்த சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். கஞ்சிராவை உருவாக்கிய மாமூண்டியா பிள்ளையாலும், மிருதங்கம் கஞ்சிரா இரண்டிலும் புகழ்பெற்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளையாலும் தாளத்துக்குப் பெயர்போன புதுக்கோட்டை, நரம்பிசை ஆய்வுக்கும் இப்படிக் கை கொடுத்திருக்கிறது.

குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிற்ப மண்டபங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாறைக்குச் சென்றாலும் கிரந்த எழுத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு அது கோடுகளாகவே தெரியும். பதிப்பிக்கப்பட்ட பாடத்தில் ஒரு பகுதியைத் தமிழ் எழுத்தில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. ஆழமில்லாத எழுத்துகள், வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் நிழல் பிடித்துத் துலங்கும். பாறையைத் தொடவோ எழுத்தின் மேல் சுண்ணம் தடவவோ கூடாது. வீணையோ புல்லாங்குழலோ வாய்ப்பாட்டோ பழகியவர்கள், முதலில் உயிர் வேறுபாடுகளை மறந்துவிட்டு, சுரங்களை மட்டும் நான்கு நான்காக, ஒவ்வொரு கட்டின் கடைசிச் சுரத்திலும் சற்றே நின்று படிக்கலாம். ஒரே முடிவுச் சுரம் கொண்ட வரியை நிறுத்தாமல் முழுதாகப் படித்துவிட்டு, அதன்பின் அடுத்த முடிவுச் சுரத்துக்குச் செல்ல வேண்டும். அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும் வரும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டால், ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு மாறும்போது சுர அடுக்கு எங்கே மாறுகிறது என்பது குரலிலேயே தெரியும்.